ஷட்டவுன்னு பேரு வச்ச ஆட்டம்

சுத்தும்போ தல கிறங்காம இருக்கணும்னா எதிர்ல நிக்கிய ஆளுக்க கண்ணையே பாத்துட்டு இருக்கணுமாம். இங்க அல் ஐன்ல, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குப் பொறத்தால ஒரு ஹால் உண்டு. சனிக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு அங்க புது ஆளு யாரு வந்தாலும் மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்பாங்க. வாறது டாக்டரு, நர்சு, பள்ளிக்கூடத்து டீச்சரு, ருவைஸ்ல இருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வாற எஞ்சினியரு. கூடுதலும் வெள்ளக்காரங்க, ஒண்ணு ரெண்டு பிலிப்பினோ, பொறவு எனக்க மக. யாருக்க புருஷனோ, யாருக்க பெஞ்சாதியோ, ரெண்டு பேரு தோளப் புடிச்சிட்டு பம்பரம் போல சுத்துவாங்க. ஒடம்பு சுத்தும், கண்ணு மட்டும் ஒருத்தருக்கு ஒருத்தர் மேல நட்டு வச்சாப்ல நிக்கும். மொத நாள் அதப் பாத்துட்டு நான் செவரப் பாக்க திரும்பி உக்காந்துட்டேன். எனக்க பெஞ்சாதி கூட முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன். அவளுக்க கண்ண நேரா பாத்துப் பேசினது எத்தன தடவன்னு கேட்டா வெரல் விட்டு எண்ணிரலாம். நாங்க பேசினா ரெண்டு பேரும் கடலப் பாத்துட்டு பேசுவோம். சண்ட போட்டாலும் கடலப் பாத்துட்டு தான். அதுல ஒரு கொறவும் எங்களுக்குத் தெரிஞ்சதில்ல.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். ரெண்டாம் கிளாஸ் பாதியில நின்னாச்சு. இது கூட ஃபோனுக்குள்ள வாய வச்சுப் பேசுதேன், அது தானா எழுதிட்டு வருது, தப்பு இருந்தா ஃபோனத் திட்டுங்க. எனக்கு ஊரு குளச்சலுக்குப் பக்கத்துல ஒரு மீன்பிடிக் கர. மொதல்ல ஓமன்ல சலாலா ஹார்பர்ல ரெண்டு வருஷம் கெடந்தேன். அங்க மழ மாசத்துல மலையெல்லாம் பச்சையாவி மூடுபனி எறங்கும். மொத தடவ பாத்தப்பம் கப்பல்காரன் நம்மள ஊர்லயே கொண்டு விட்டுட்டானோன்னு நெனச்சேன். பொறவு அபுதாபிக்கு மேக்க ருவைஸ், எண்ண பிளாண்ட். இருவத்தி மூணு வருஷம் ரிக்கர் வேல. கிரேன்காரனுக்கு கீழ நின்னு கை காட்டியவன் தான் ரிக்கர். அவனுக்கு மேல இருந்து ஒண்ணும் தெரியாது, நான் காட்டியது தான் அவனுக்குக் கண்ணு. வேல விட்டு ஊருக்குப் போனேன். ரெண்டு வருஷத்துல பெஞ்சாதி போயிட்டா. ஒத்த மக ஷைனி இங்க நர்சு. அவ, "தனியா கெடந்து என்ன செய்யப் போறீங்க, வாங்கப்பா"ன்னு விசா எடுத்துக் கூட்டிட்டு வந்து மூணு வருஷமாச்சு. பாலைவனத்துல வேல பாத்தவன் பாலைவனத்துக்கே ரெஸ்ட் எடுக்க வந்த கத.

அந்த ஹாலுக்கு நான் போனது நாற்காலி எடுத்துப் போட. ஷைனி கூட வேல பாக்கியவங்க இழுத்து விட்டு அவ ஆடப் பழகினா. எனக்கு வீட்ல ஏசி சத்தத்தக் கேட்டுட்டு இருக்கப் பிடிக்காது, கூடப் போவேன். தரையில மணலு ஒரு பொடி கெடந்தாலும் ஷூ இழுக்கும், அத ஈரத்துணி போட்டுத் தொடைப்பேன், தண்ணி ரொப்பி வைப்பேன். காண்ட்ரா டான்ஸ்னு அதுக்குப் பேரு. ரெண்டு வரிசையா நேருக்கு நேரா நிப்பாங்க. ஒருத்தர் மைக்க வச்சிட்டு, இப்பம் கை கோத்து வட்டம் போடு, இப்பம் எட்டு போட்டாப்ல ஊடால பூந்து வா, இப்பம் ஜோடியச் சுத்துன்னு சொல்லிட்டே இருப்பாரு. அவருக்கு காலர்னு பேரு. ஒரு ரவுண்டு முடியும்போ ஒவ்வொரு ஜோடியும் ஒரு எடம் தள்ளிப் போயிரும், பாதிப் பேரு மேடையப் பாத்து, பாதிப் பேரு வாசலப் பாத்து. அப்பம் எதிர்ல புது ஜோடி வரும். அவங்க கூட மறுபடியும் அதே ஆட்டம்.

எனக்கு அதப் பாத்த ஒடனே கரமடி தான் ஓர்ம வந்துச்சு. கரமடின்னா கரையில நின்னுட்டே வல வலிக்கியது. ரெண்டு கயிறு, ரெண்டு வரிசை ஆளு, அங்க இருவது பேரு, இங்க இருவது பேரு. பின்னால நடந்து நடந்து இழுப்பாங்க. வாலுக்குப் போன ஆளு கயித்த விட்டுட்டு முன்னால ஓடி, தண்ணிக்கிட்டப் போயி மறுபடியும் புடிப்பான். ஒருத்தன் குரல் குடுப்பான், அந்தக் குரலுக்குத் தான் நாப்பது பேருக்க காலும் அசையும். ஒம்பது வயசுல எனக்கு வாலுல நின்னு கயித்தச் சுருட்டிய வேல. வல கரைக்கு அடுக்க அடுக்க ரெண்டு வரிசையும் பக்கத்துல பக்கத்துல வந்து, கடைசில நேருக்கு நேரா நிக்கும், நடுவுல மீனு துள்ளும். இந்த ஹால்ல நடுவுல மீனு இல்ல, அவ்வளவு தான் வித்தியாசம்.

இந்த ஆட்டத்துக்கு காலர் மார்கரெட் மேடம். அமெரிக்காக்காரங்க, எழுவது வயசு, இங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கையில சின்னச் சின்ன அட்டை வச்சிருப்பாங்க, ஒரு அட்டைக்கு ஒரு ஆட்டம். நான் ஓரமா உக்காந்து தண்ணி பாட்டில் மூடி எட்டு எடுத்து, நாலு நீலம், நாலு லபன்னு இங்க விக்கிய மோரு பாட்டிலுக்க செவப்பு, மேசையில நகத்தி நகத்திப் பாப்பேன். படிக்காதவனுக்கு ஒண்ணு உண்டு, கண்டது போவாது. ஆறு மாசத்துல மேடத்துக்க அட்டை எல்லாம் எனக்க தலைக்குள்ள ஏறிட்டு. ஒரு நாள் அவங்க அட்டைப் பெட்டிய டாக்ஸியில விட்டுட்டாங்க. ஹால் நெறைய ஆளு, மேடம் பைய ஒதறுதாங்க. நான் பக்கத்துல போயி மூடி எட்டையும் நகத்திக் காட்டினேன்.

"மேடம், திஸ் ஃபர்ஸ்ட். தென் திஸ் கோ, திஸ் கம்."

மேடம் மூடியப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. "ஆந்தனி, யூ நோ ஆல் ஆஃப் தெம்?"

"ஆல் மேடம். பட் போன வாரம் தேர்டு ஆட்டம் நோ குட். டூ லோடு கிராஸிங். ஆளு முட்டும்."

அவங்க சிரிச்சிட்டு அடுத்த வாரம் நான் சொன்னாப்ல அத மாத்திச் சொன்னாங்க. யாரும் முட்டல. பொறவு புதுசா வந்தவங்களுக்கு லேசான ஆட்டம் மூணு நாலு என்னயும் சொல்ல வச்சாங்க. எங்க ரெண்டு பேருக்கும் பாஷ அவ்வளவா ஒட்டாது. அவங்க பேசினா பாதி எனக்கு வெளங்காது, நான் பேசினா அவங்களுக்கு அதுவும் இல்ல. ஆனா பாட்டுல அறுவத்தி நாலு அடி, எட்டு எட்டா ஒரு வேல, எட்டு தொடங்கியதுக்கு முந்தியே சொல்லி முடிச்சிருக்கணும், அது எனக்கு யாரும் சொல்லித் தரண்டாம். லோடு எடத்துக்கு வந்த பொறவு நில்லுன்னு கை காட்டினா எந்தக் கிரேனும் நிக்காது.

இனி வீட்டுக் காரியத்துக்கு வாறேன். மருமவன் ராபினும் நர்சு தான். அவன் போன வருஷம் அயர்லாந்துக்குப் போயிட்டான். இங்க இருக்கிய நம்ம பிள்ளைக பாதி அங்க தான போவுது. ஷைனிக்கும் அங்க ஆஸ்பத்திரில எடம் கெடச்சாச்சு. ஆனா அப்பனக் கூட்டிட்டுப் போவ முடியாதாம். அவளுக்க விசாவுல தான் நான் இங்க இருக்கேன், அவ முடிச்சா எனக்கும் முடிஞ்சு. நான் ஊருக்குப் போவணும், தனியா. ரெண்டு மாசமா அவ கேக்கா, நான் வாயத் தொறக்கல. போன்னு சொன்னா பிள்ள போயிருவா. போவண்டாம்னு சொன்னா போவ மாட்டா, அது அதவிடப் பயம். அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் போட்டாவணும்னு வந்து நின்னுச்சு. அந்த வாரம் அவ அடுக்களையில நெத்திலி பொரிச்சிட்டு நிக்கா.

"எப்பா, ஞாயித்துக்கெழம கடைசி."

"ஆமா மக்ளே, சொன்னியே."

"சொன்னேன். நீங்க தான் ஒண்ணும் சொல்லல. நான் போவட்டா வேண்டாமா?"

"மீனு கரியுது பாரு."

"மீன விடுங்க. அவரு ஒரு வருஷமா அங்க பிரெட்டத் தின்னுட்டுக் கெடக்காரு."

"அவன் இங்க இருக்கும்போவும் பிரெட்டு தான தின்னான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. பொறவு அடுப்ப அணைச்சிட்டு, சிரிப்பு போன மூஞ்சோட டூட்டிக்குப் போனா. நான் கரிஞ்ச நெத்திலியத் தின்னேன். நல்லாத் தான் இருந்துச்சு.

இதுக்கெடையில மார்கரெட் மேடத்துக்குத் தொண்டையில ஆபரேஷன். ஒரு மாசம் பேசப்படாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த ஞாயித்துக்கெழமைக்கு மொத நாள் சனிக்கெழம பாத்து, நல்லாத் தெரிஞ்ச ஆட்டக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு சாயங்காலம் வச்சிருந்தாங்க. துபாய், அபுதாபி, ருவைஸ், மஸ்கட்ல இருந்து கூட ஒரு ஜோடி, நாப்பது பேரு. மேடம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஒரு சிலேட்டு போல ஒண்ணுல எழுதி எனக்க மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. நான் தலைய ஆட்டினேன். வேற எழுதினாங்க, அதுக்கும் ஆட்டினேன். ஷைனி உள்ள இருந்து வந்து பாத்துட்டு, "அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது மேடம்"னா. மேடத்துக்க மூஞ்சி செவந்து போச்சு. நான் சிரிச்சேன். பொறவு ஷைனி வாசிச்சுச் சொன்னா: அன்னிக்குக் கஷ்டமான ஆட்டம் எல்லாம் நான் சொல்லணும். கடைசி ஆட்டம் நானே உண்டாக்கின ஆட்டமா இருக்கணும்.

ஆமா, நான் ஒண்ணு உண்டாக்கி வச்சிருந்தேன், மூடிய வச்சு. ஷட்டவுன்னு பேரு. ருவைஸ்ல வருஷத்துல ஒரு தடவ பிளாண்ட மொத்தமா நிறுத்தி, எல்லாத்தையும் கழத்திக் கழுவி மாட்டுவாங்க, அதான் ஷட்டவுன். அப்பம் நம்ம கேங்க பிரிச்சு ஆளுக்கு ஒரு மூலைக்கு அனுப்பிருவான். தெரியாத ஆளுங்க கூட வேல பாத்து, கடைசி நாளு தான் நம்ம ஆளுங்க மூஞ்சியக் காண்போம். எனக்க ஆட்டமும் அப்படித்தான். பதினாறாவது அடியில ஜோடிய விட்டுட்டுக் கோணலாப் போயி, வேற நாலு பேருக்குள்ள பூந்து, யாரு யாரு கையையோ மாத்தி மாத்திப் புடிச்சு, கடைசிப் பதினாறு அடியில தான் ஜோடி கிட்டத் திரும்பி வரணும். ரெண்டு அடி பிந்தினா அங்க ஒரு ஆளு வெறுங்கைய நீட்டிட்டு நிக்கும்.

வெள்ளிக்கெழம மனசு ஒரு எடத்துல நிக்கல. கருப்பையாவுக்கு ஃபோன் போட்டேன். சிவகங்கை பக்கத்து ஆளு, ருவைஸ்ல எனக்க கேங்குல இருந்தவன். ஒரு ஷட்டவுன்ல பெரிய வால்வ் ஒண்ண எறக்கிட்டு இருந்தோம். இன்னும் ஒரு சாண் தான், முடிஞ்சுன்னு நெனச்சு நான் கையத் தொங்கப் போட்டுட்டு வேற எங்கயோ பாத்தேன். கிரேன்காரன் எனக்க கை போன எடத்த வச்சு வேற என்னமோ நெனச்சிட்டான். வால்வ் ஒரு ஆட்டம் ஆடி எறங்கிச்சு, கருப்பையாவுக்க ரெண்டு வெரலு அதுக்கு அடியில. தப்பு எனக்குள்ளது, நான் அத யார்கிட்டயும் மறைச்சதில்ல. அதுக்குப் பொறவு வேலய விட்ட நாளு வரை, லோடு தரையில தொட்டு, கயிறு தொய்ஞ்சு, கிரேன் ஊக்கக் கழத்தின பொறவும் நான் கைய எறக்க மாட்டேன். பயலுக, "அந்தோணி அண்ணன் தூங்கும்போவும் கை காட்டும்"னு கேலி பண்ணுவானுக. கருப்பையா இப்பம் ஊர்ல சாயாக்கட வச்சிருக்கான். ஃபோன எடுத்தாலே இப்படித்தான்:

"எட்டு வெரல் டீ ஸ்டால்! சொல்லுங்கண்ணே, அரபுக்காரவுக இன்னும் உங்கள விடலையா?"

"மகளுக்கு அயர்லாந்துல வேல கெடச்சிருக்கு கருப்பையா."

"அடி சக்க! எப்பப் போகுது புள்ள?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

கடையில கிளாஸ் கழுவிய சத்தம் கேட்டுச்சு. "அண்ணே, ஒருத்தன் லோட ஊக்குல தொங்க விட்டுட்டு டீ குடிக்கப் போறான். நீங்க என்ன செய்வீக?"

"செவிட்டுல அடிப்பேன்."

"அப்ப உங்க செவிட்டுல நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க. புள்ள தொங்குதுல்ல. தூக்குங்க, இல்ல எறக்குங்க. வச்சிடுறேன், கடையில ஆளு நிக்கிறாக."

சனிக்கெழம வந்துச்சு. ஜன்னல் வழியா சாயங்கால வெயிலு தரையில நீளமா விழுந்து கெடந்துச்சு, பேரீச்ச ஓலைக்க நெழலு அதுல ஆடுச்சு. நாப்பது பேரும் தேஞ்ச தோல் ஷூவ மாட்டிட்டு நின்னாங்க. ஃபிடில்காரர் டேவிட், ஸ்காட்லாந்துக்காரர், கம்பிய முறுக்கிட்டு இருந்தாரு. மூணு ஆட்டம் மேடத்துக்க அட்டையில உள்ளது, நல்லாப் போச்சு. நாலாவதா ஷட்டவுன். மூடிய நகத்தியது போல ஆள நடக்க வச்சு ரெண்டு தடவ காட்டினேன். ஷைனி மேடத்துக்கு ஜோடியா நின்னா. டேவிட் வில்ல வச்சாரு. ஆட்டம் தொடங்கிச்சு.

மூணாவது ரவுண்டுல வாசப் பக்கத்துல ஒரு ஜோடி கோணலாப் போவ மறந்து நேராப் போயிட்டு. நாலு பேரு ஒரே எடத்துல குமிஞ்சாங்க. எனக்குக் கண்ணு முன்னால அந்த வால்வ் ஆடுச்சு. யோசிக்கல. மைக்கோட ரெண்டு கையையும் அகல விரிச்சு நின்னுட்டேன். சைட்டுல அதுக்கு எமர்ஜென்ஸி ஸ்டாப்புன்னு அர்த்தம். ரிக்கர் அப்படி நின்னா உலகமே நிக்கணும். ஹால்ல முப்பத்தி சொச்சம் பேருக்கு அது ஒண்ணும் தெரியாது, அவங்க பாட்டுக்கு ஆடிட்டு இருந்தாங்க. ஆனா ருவைஸ்ல இருந்து வந்த ஆறு எஞ்சினியர்மாரு இருக்காங்க இல்லியா, அவங்க ஒத்தக் காலு மேல இருந்தபடியே செல போல நின்னுட்டாங்க. மீதிப் பேரு போயி அவங்க மேல முட்டினாங்க. ஒரு டாக்டரம்மா தரையில உக்காந்தாச்சு. பாட்டு நின்னுச்சு.

அந்த ஆறு பேருல ப்ரூஸுன்னு ஒரு நரைச்ச ஆளு, எனக்க காலத்துலயே ருவைஸ்ல இருந்தவரு, இன்னும் அசையாம நின்னுட்டே கேட்டாரு: "வேர் இஸ் த லோடு, பாய்?"

மீதி அஞ்சு பேரும் மேல கூரையப் பாத்தாங்க. ஹாலே சிரிச்சுது. டாக்டரம்மா தரையில இருந்துட்டே சிரிச்சாங்க. எனக்குக் காது சுட்டுச்சு. ஷைனி மேடைக்குக் கீழ வந்து மெதுவாச் சொன்னா:

"எப்பா, தப்பு வந்தா நிறுத்தப்படாது. அடுத்த ஜோடி வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவாங்க. இங்க யாரும் எதுக்கும் அடியில நிக்கல."

மறுபடியும் மொதல்ல இருந்து. இந்தத் தடவ நான் ஒரு அடி விடாமச் சொன்னேன். ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால, ஒவ்வொரு ஆளையும் கண்ணாலப் புடிச்சு வச்சிட்டு. மூணு ரவுண்டு, நாலு ரவுண்டு, அஞ்சு. தப்பு ஒண்ணும் வரல. ஆனா ஆட்டக்காரங்க மூஞ்சி கொஞ்சங் கொஞ்சமா இறுகுது. மார்கரெட் மேடம் மேடையப் பாத்து வரும்போ வெரல உதட்டு மேல வச்சுக் காட்டினாங்க. பாவம், தொண்ட வலிக்குதுன்னு காட்டுதாங்கன்னு நெனச்சு, தண்ணி பாட்டில எடுத்து மேடை ஓரத்துல வச்சேன். அடுத்த தடவயும் வெரல உதட்டுல வச்சாங்க. நான் பாட்டிலுக்க மூடியத் தொறந்து வச்சேன். பக்கத்துல வந்த ஷைனி ஆடிட்டே சிரிப்ப அடக்கிட்டுக் கத்தினா:

"தண்ணி இல்லப்பா! உங்களப் பேசாம இருக்கச் சொல்லுதாங்க. இவங்களுக்கு ஆட்டம் தெரியும். நீங்க பேசினா பாட்டு கேக்கல!"

அப்பம் தான் எனக்கு வெளங்கிச்சு. மேடம் எப்பவும் நாலாவது ரவுண்டுல ஒத்த வார்த்தையாக் கொறைச்சு, அஞ்சாவதுல வாய மூடிருவாங்க. மூணு வருஷமா நான், தொண்ட காஞ்சு தண்ணிக்குத் தான் நிறுத்துகாங்கன்னு நெனச்சு, சரியா அந்த நேரம் பாத்து பாட்டில ஓடிக் கொண்டு குடுத்துட்டு இருந்திருக்கேன். அவங்களும் ஒவ்வொரு தடவயும் தாங்க்யூ சொல்லி வாங்கிக் குடிச்சிருக்காங்க. புது ஆளுங்களுக்குக் கடைசி வரை சொல்லணும். தெரிஞ்சவங்களுக்குச் சொல்லிய காலர் எப்பம் நிறுத்துகாருங்கியதுல தான் இருக்கு எல்லாம்.

நிறுத்தினேன். நிறுத்தினேன்னா, சத்தத்த நிறுத்தினேன், வாய் அது பாட்டுக்கு முணுமுணுத்துட்டு இருந்துச்சு. பதினாறாவது அடி வந்துச்சு, ஜோடி பிரியணும். நான் சொல்லல. யாரும் சொல்லல. நாப்பது பேரும் கோணலாத் திரும்பிப் போனாங்க, தெரியாத கையப் புடிச்சாங்க, விட்டாங்க. தோல் ஷூ தரையில உரசிய சத்தம், அலை வந்து மணல்ல வடிஞ்சு போவியது போல. மூணு வருஷத்துல அந்தச் சத்தத்த அன்னிக்குத் தான் கேட்டேன், எப்பவும் அந்த நேரம் நான் பாட்டிலத் தூக்கிட்டு ஓடிட்டு இருந்திருக்கேன். கடைசிப் பதினாறு அடி வந்துச்சு. எங்க எங்கயோ போனவங்க எல்லாம் திரும்பி வந்தாங்க, நீட்டின கை ஒண்ணு கூட வெறுசா நிக்கல. மேடம் கண்ண மூடிட்டு ஆடினாங்க. வெயிலு மஞ்சளாவி செவரு வரை ஏறிட்டு. எனக்கு நின்ன எடம் மறந்து போச்சு. இது குளச்சலா, சலாலாவா, ருவைஸான்னு கேட்டிருந்தா ஒடனே சொல்லியிருக்க மாட்டேன்.

வரிசையில மேடைப் பக்கம் வந்து சேரிய ஜோடிக்கு எதிர்ல ஆளு இருக்காது. ஒரு ரவுண்டு முழுக்க ஆடாம அங்கயே நின்னு, திரும்பி, அடுத்த ரவுண்டுல வந்த வழியே வாசலப் பாத்துப் போவணும். ஷைனியும் மேடமும் அப்படி வந்து எனக்குக் கீழ நின்னாங்க. ஷைனிக்கு மூச்சு வாங்குது, நெத்தியில முடி ஒட்டிட்டு இருக்கு. அறுவத்தி நாலு அடி நேரம் அவளுக்கு ஒரு வேலையும் இல்ல. அவ திரும்பி என்னப் பாத்தா. நான் கடலத் தேடல. அங்க கடல் இல்லியே. நேரா அவளுக்க கண்ணத் தான் பாத்தேன்.

"மக்ளே, நாளைக்கிப் பதில் போட்டுரு. வாறேன்னு போடு."

எனக்க சத்தம் நாலு மூலையில இருந்தும் வந்துச்சு.

"எப்பா, மைக்கு ஆன்ல இருக்கு."

ஹால்ல பாதிப் பேரு ஒரு அடி தயங்கி என்னப் பாத்தாங்க. காலர் என்னமோ புதுசாச் சொல்லுதாரு, எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல அவங்களுக்கு. ப்ரூஸ் கூரையப் பாத்தாரு. பொறவு பாட்டு அவங்கள இழுத்துட்டுப் போயிட்டு.

"நீங்க?"ன்னா ஷைனி.

நான் மைக்க அணைச்சேன். "நான் ஊருக்கு. உனக்க சித்தப்பன் வீடு பக்கத்துல தான இருக்கு. ராத்திரிக் கஞ்சிக்கு ஆளு உண்டு."

"தனியா இருப்பீங்களா?"

"இருவத்தஞ்சு வருஷம் உனக்க அம்ம இருக்கலியா, நான் இங்க கெடக்கும்போ."

அவ கண்ணத் தொடைச்சா, வேர்வையும் தான். மேடம் அவளுக்க மூஞ்சியப் பாத்து என்னமோ வெளங்கினாப்ல அவ கையப் புடிச்சாங்க. ரவுண்டு முடிஞ்சுது. ரெண்டு பேரும் திரும்பினாங்க. இப்பம் ஷைனிக்க மொகம் வாசலப் பாத்து இருந்துச்சு.

எதிர்ல புது ஜோடி வந்துச்சு, அவ கைய நீட்டினா, போயிட்டா. ஒரு ரவுண்டுக்கு ஒரு எடம். மேடைக்கு மூணு படி உண்டு. நான் மைக்க மேல வச்சிட்டு எறங்கி ரெண்டாவது படியில நின்னேன். மேல நின்னா நான் காலரு. கீழ எறங்கினா எனக்கு ஜோடி இல்ல. அவ ஒவ்வொரு எடமாத் தள்ளித் தள்ளிப் போவுதா, நடு ஹால் தாண்டிட்டா, அவளுக்க பச்ச சுடிதாரு இப்பம் மத்தவங்க தோளுக்கு எடையில கொஞ்சங் கொஞ்சமாத் தான் தெரியுது. டேவிட் ஃபிடில் தாடையில இருக்க என்னையே பாத்துட்டு இருந்தாரு. முடிக்கணும்னா நான் ஒத்த வெரலத் தூக்கிக் காட்டணும், காட்டினா அந்த ரவுண்டோட பாட்ட முடிப்பாரு. புருவத்தத் தூக்கி, முடிக்கவான்னு கேட்டாரு. நான் ரெண்டு கையையும் பாண்ட் பாக்கெட்டுக்குள்ள போட்டுட்டு அந்தப் படியிலயே நின்னேன். அவரு சிரிச்சிட்டு வில்ல நிறுத்தாம அடுத்த ரவுண்டுக்கு இழுத்தாரு.